கோடைக் குளமும் நன்னீர் வலைஞரும்

சங்க இலக்கியத்தில் மீன்வேட்டம் என்றவுடன் நம் நினைவு நெய்தற்குச் செல்கின்றது. பரதவர், திமில், சுறா, உணங்கு மீன் காக்கும் மகளிர் என்று அடுக்கடுக்காகக் காட்சிகள் தோன்றும். மருதத்து மீன்கள் நினைவிற்கு வரினும் அவை பிடிபடும் மீன்களாக வருவதில்லை; உள்ளுறை உவமத்தின் உறுப்புக்களாகவே வருகின்றன. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகைப் பாட்டில் (8) மரத்தினின்று தானே உதிர்ந்த மாங்கனியைக் கௌவும் வாளையை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். அவ்வாளையைப் பிடிப்பவர் யாவர், எக்காலத்தில், எவ்வாறு பிடிப்பர் என்று கேட்ட மாணாக்கரை யான் கண்டதில்லை. யானும் பல்லாண்டுகள் அங்ஙனம் கேளாமலே பாடம் சொல்லி வந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்புறக்கணிப்பிற்கு இலக்கணமும் ஒரு காரணம். தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்து ஓதிப் பிறவற்றிற்கும் இடம் விட்டுச் சென்றார். அவற்றை நிலந்தோறும் வகுத்துக் காட்டிய உரைகாரரும் பிற்கால இலக்கண நூலாரும் மீன்பிடித்தலை நெய்தலின் தொழிலாகவும், நடுதல், களைகட்டல், அரிதல் முதலியவற்றை மருதத்தின் தொழிலாகவும் நிறுத்தினர். பெரும்பொழுதிலும் இந்நிலையே. வேனில் பாலைக்கு உரித்தாயிற்று. மருதத்திற்கும் நெய்தற்கும் ஆறு பெரும்பொழுதும் உரியவெனக் கொண்டாலும், கோடை என்ற சொல்லைக் கேட்டவுடன் சுரமும் பிரிவுமே நம் உள்ளத்தில் எழுகின்றன. ஆகவே கோடைக்காலத்து மருதம், அக்கோடையிலும் நீர் நிற்கும் குளம், அக்குளத்து மீன்வேட்டம் என்னும் மூன்றும் நம் திறனாய்வின் கண்ணிற்கு அகப்படாமல் போயின.

இம்மூன்றையும் ஓரிடத்தே வைத்துப் பாடிய புலவர் ஒருவர் உளர். அவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் ஐந்நூறு அடிகளுள் முப்பது அடிக்கும் குறைவான ஒரு பகுதி வலைஞர் குடியிருப்பையும் அதனை அடுத்துப் பாணன் தூண்டிலிடும் கயத்தையும் காட்டுகின்றது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்தொட்டு இந்நூல் நம் கையில் உள்ளது. எனினும் அதன் கலங்கரை விளக்கமும் காஞ்சி மாநகரும் பெற்ற கவனத்தில் சிறு பங்கும் இப்பகுதி பெற்றதாகத் தெரியவில்லை.

அப்பகுதியின் செய்தியை முதற்கண் காண்போம். வலைஞரின் குடில் மூங்கிற் கழியும் வெண்மையான கொம்புகளும் கலந்து நிரைக்கப்பெற்றது, தாழைநாரால் கட்டப்பெற்றது, தருப்பையால் வேயப்பெற்றது. முற்றத்தில் மீன் பிடிக்கும் பறிகள் கிடக்கின்றன. புன்னைக் கொம்பை வெட்டி நட்ட பந்தரிலே பசுங்காய்கள் தொங்குகின்றன. இளையரும் முதியரும் சுற்றத்தோடு கூடி, பிள்ளைகளையும் உடன்கொண்டு இருண்ட மடுவிலே இறங்குகின்றனர். ஆண்டுப் பிறழும் கயல்மீன் அம்பையும் இறால் வில்லையும் ஒக்கின்றன. அடுத்து வருவதே இக்கட்டுரையின் கருவாகிய தொடர். கோடை எத்துணை நீண்டாலும் குறைதலை அறியாத, நின்றால் தோள் அமிழும் குளத்தின் கரையைக் காத்து அவ்வலைஞர் இருக்கின்றனர் என்கின்றார் புலவர்.

இத்தொடரை நாட்டு வளம் கூறும் உயர்வு நவிற்சியாகக் கொண்டு மேற்செல்லுதல் வழக்கம். இளந்திரையன் நாட்டில் கோடையிலும் குளம் வற்றாது என்பது கருத்தாம். அது தவறன்று. ஆனால் இரண்டு ஐயங்கள் எஞ்சி நிற்கின்றன. வலைஞர் கரையை ஏன் காத்திருத்தல் வேண்டும்? குளம் ஓரிடத்தது ஆயின் புன்னையும் தாழையும் இறாலும் அங்கு வந்தவாறு யாங்ஙனம்?

இரண்டாம் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆற்றுப்படுத்தப்படும் பாணன் செல்லும் நெறியில் இவ்வலைஞர் குடியிருப்பு உழவர் ஊர்களையும் கரும்பு ஆலைகளையும் கடந்தபின் வருகின்றது. அந்தணர் உறைபதியும் நீர்ப்பெயற்றுத் துறைமுகமும் அதற்கு அப்பால் உள்ளன. எனவே இவர் கடல்மேற் செல்லும் பரதவர் அல்லர் என்பது தெளிவு. எனினும் அவர்தம் வீட்டைக் கட்டிய நாரும் பந்தரை நிறுத்திய கொம்பும் கடற்கரைச் சோலையின. திணை மயக்கம் என்று பெயரிட்டு இதனை முடித்துவிடலாம். நிலம் மயங்குதல் இல்லையென்றும் அதன்கண் வரும் பொருள்கள் மயங்கலாம் என்றும் இலக்கணம் நமக்கு வழி வகுத்துள்ளது. பெயரிடுதல் எளிது, அங்ஙனம் மயங்கும் இடம் நாட்டில் உண்டா என்று தேடுதல் வேறு.

அத்தகையதோர் இடம் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம். மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த இவ்வூர், உப்பளங்களாலும் மீன்பிடி தொழிலாலும் பலரும் அறிந்தது. தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் உள்ளன. ஊரிலிருந்து கடலாடி, சாயல்குடி நோக்கிச் சென்றால் சிறிது தொலைவிலேயே உவர்நிலம் மாறிப் பனையும் கருவேலும் தோன்றுகின்றன. அவற்றையும் கடந்தால் கண்மாய்கள். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய் 1998 முதல் பறவைகள் சரணாலயமாகவும் விளங்குகின்றது. நன்னீர் மீனை நாடியே கூழைக்கடாவும் நாரையும் அங்கு வருகின்றன. வற்றா ஆறு ஒன்றும் இல்லாத இந்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைத்து உண்பதே வாழ்க்கை. நெய்தலும் மருதமும் இங்கு அடுத்தடுத்து நிற்பது மட்டுமன்று, ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுந்து கிடக்கின்றது. கண்மாய்க் கரையிலே தாழை நிற்கக் கண்டேன். உருத்திரங்கண்ணனார் பாடிய குளம் இதுவென்று கூறுவேன் அல்லேன். அது தொண்டை நாட்டது. ஆனால் கடலுக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள நன்னீர்க் குளம் ஒன்றனைக் கண்ணுற்றே புலவர் பாடினார் என்றும், நெய்தற் கருப்பொருள் மரபு பற்றி அங்கு வந்து ஒட்டியதன்று என்றும் துணிவதற்கு இவ்வூர்ப் புறம் போதிய சான்றாகும்.

இனி முதல் ஐயம். சென்ற ஆண்டு வைகாசியில் மாணாக்கர் சிலருடன் ஊர்ப்பெயர் தொகுக்கும் பொருட்டு அப்பகுதிக்குச் சென்றிருந்தேன். அது மழை பெய்த கோடை. சித்திரையில் இரண்டு முறையும் வைகாசியில் ஒரு முறையும் பெருமழை பெய்து, வற்றியிருக்க வேண்டிய கண்மாய் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் நெல் அறுவடை முடிந்து, கண்மாய் நீர் முழங்கால் அளவிற்குத் தாழ்ந்தபின் ஒருநாள் குறித்து ஊரே இறங்கி மீன்பிடிக்கும் வழக்கம் உண்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களிலும் இவ்வழக்கம் பெருகிக் காணப்படும். ஊர்ப் பெரியவர் தெய்வத்தை வணங்கிக் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணும் சிறுவரும் நீரிற் பாய்வர். கையில் ஊத்தா, கச்சா, வலை. ஒன்றும் இல்லாதார்க்கு வேட்டியும் சேலையும் வலையாகும். ஊத்தா என்பது அடியும் நுனியும் திறந்த, மூங்கிற் சிம்பால் பின்னிய கூம்புக் கூடை. அதனைச் சேற்றில் அழுத்திவிட்டு மேல்வாய் வழியே கையை நுழைத்து உள்ளே அகப்பட்ட விராலையோ கெளுத்தியையோ தடவி எடுப்பர். நீர் ஆழமாயின் ஊத்தாவால் பயன் இல்லை. அந்த நாள் வரும் வரையில் ஒருவரும் கண்மாயில் வலை போடலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

நாங்கள் சென்ற அன்று கரையின் ஆலமரத்தடியில் நால்வர் அமர்ந்திருந்தனர். இன்னும் மீன் பிடிக்கவில்லையா என்று வினவினோம். அவர்களுள் முதியவர் கூறியதை அவர் சொல்லிலேயே தருகின்றேன்: “தண்ணி வத்தலையே சார். கண்மாயக் காத்துக்கிட்டுத்தான் கெடக்கோம்.”

இவ்விடையில் வரும் வினைக்கு இரு பொருள் உண்டு. பிறர் திருடாவண்ணம் காவல் செய்தல் ஒன்று. நீர் தாழும் நாளை எதிர்நோக்கியிருத்தல் மற்றொன்று. இன்றைய தமிழில் காத்திருத்தல் என்பது பெரும்பாலும் எதிர்நோக்குதலையே குறிக்கும். சங்க நூல்களில் ‘கா’ என்னும் வினை பெரும்பான்மையும் புரத்தற் பொருளில் வழங்கும். ஆதலின் பெரும்பாணாற்றுத் தொடர்க்குக் கரையைக் காவல் செய்தல் என்று பொருள் கொள்வதே சொல்வழக்கிற்கு ஒத்தது. அம்முதியவரின் சொல்லைக் கேட்டபின் எனக்குத் தோன்றியது யாதெனின், இவ்விரு பொருளும் தொழிலில் வேறு வேறு அல்ல என்பதே. நீர் தாழும் நாளை நோக்கி இருப்பதனாலேதான் காவல் வேண்டியுள்ளது. காவல் செய்வதன் நோக்கமும் அந்நாளே. கரை உடையாமற் காப்பது உழவர்க்கும் உரிய கடமை. புலவர் அதனை வலைஞர்மேல் ஏற்றிக் கூறியதற்கு மீனே காரணமாதல் வேண்டும்.

இவ்வாறு கொண்டால் தொடர் முழுவதும் புதிய சுவை பெறுகின்றது. கோடை நீண்டும் குளம் குறையவில்லை என்பது உழவனுக்கு நற்செய்தி. வலைஞனுக்கு? தோளளவு நீரில் மொத்தமாக மீன் எடுத்தல் இயலாது. அவன் கரையில் அமர்ந்து காக்கின்றான். குழந்தைகளோடு மடுவின் ஓரத்தில் இறங்கிக் கிடைத்ததைப் பிடிக்கின்றான். புலவர் அரசனது நாட்டு வளத்தைப் புகழும்போதே, அவ்வளத்தினால் ஒரு குடியின் பெருவேட்டை தள்ளிப்போவதையும் காட்டிவிடுகின்றார். எனினும் அவர் குறையாக அதனைக் கூறவில்லை. அக்குடியிற் சென்று தங்கும் பாணனுக்கு அரிசிக் களியினின்று வடித்த நறும்பிழியும் சுட்ட மீனும் கிடைக்கும் என்கின்றார். பெருவேட்டை இல்லாத காலத்தும் விருந்தினர்க்குச் சுடுவதற்கு மீன் உண்டு. வளத்தின் அளவு இதனால் மிகுகின்றதேயன்றிக் குறையவில்லை.

இன்றைய வழக்கொன்றை ஈராயிரம் ஆண்டுப் பழைய நூலின்மேல் ஏற்றுதல் முறையோ என்று வினவுவார் உளர். வினா நேரியது. ஊத்தா வேட்டை சங்க காலத்து இருந்தது என்று யான் நிறுவவில்லை. பறி இருந்தமை பாட்டிலேயே உளது என்பதோடு நிற்கின்றேன். நீரின் ஆழமும் மீனின் இயல்பும் காலத்தால் மாறுவன அல்ல. தோளளவு நீரில் மீன் பிடிப்பது அன்றும் அரிது, இன்றும் அரிது. மீன்களோ சில மாறியுள்ளன. இன்று கண்மாயில் மிகுதியாக அகப்படும் சிலேபி, 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மீன். குத்தகைக்காரர் வளர்க்கும் கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளுக்குரியன. சங்கப் புலவர் இவற்றைக் காணின் என்ன பெயர் இட்டிருப்பரோ! விராலும் கெளுத்தியும் கெண்டையும் ஆரலும் மட்டும் பழம்பாட்டிலிருந்து மாறாமல் நீந்தி வருகின்றன. வராஅல் என அளபெடுத்த மீனை நம் மக்கள் விரால் என்கின்றனர். நீர் வற்றினும் காற்றை உயிர்த்துச் சேற்றில் உயிர் தாங்கும் மீன் அது. கோடைக் குளத்து மீன்களுள் அதனையே புலவர் மிகுதியும் பாடியது பொருத்தமே.

மருதத்து மீன்வேட்டத்தில் வலைஞரினும் மிகுதியாக இடம்பெறுவோர் பாணர். உரைகாரர் பாணரை இசைப்பாணர், யாழ்ப்பாணர், மண்டைப்பாணர் என வகுத்தனர்; மீன் பிடிக்கும் பாணர்க்கு அவ்வகுப்பில் இடமில்லை. பாட்டில் உண்டு. ஓரம்போகியார் ஐங்குறுநூற்று மருதத்தில் மூன்று பாட்டுக்களை (47, 48, 49) அடுத்தடுத்து மீன் விற்கும் பாண்மகளுக்கே தந்துள்ளார். கெடிற்று மீனைச் சொரிந்த வட்டியில் மனையோள் பயறு நிறைக்கின்றாள். வராலுக்கு ஓராண்டு கழிந்த பழைய வெண்ணெல். மூன்றாம் பாட்டில் சில மீனுக்குப் பல நெல். இப்பண்டமாற்றில் மீன்தோறும் விலை வேறுபடுவதை நோக்குக. வராலுக்குப் பழநெல் தருவதை, அம்மீனின் மதிப்பை நன்கறிந்த ஒருவரே பாட இயலும். ஐயூர் முடவனாரின் அகப்பாட்டிலோ (216) நுண்கோலும் நாணும் கொண்டு வராலைப் பிடித்த பாண்மகள், கள்ளுண்டு இருந்த தந்தைக்கு அதனை வஞ்சி விறகில் சுட்டு ஊட்டுகின்றாள். பரணர் பாட்டில் (அகம். 196) காலையில் அகப்பட்ட வராலை விற்று உண்டு களித்து வேட்டம் மறந்து உறங்கும் கணவர்க்கு, ஆம்பல் இலையில் பிரப்பம்பழத்தின் புளிப்புச் சேர்த்த சோற்றை விடியற்காலையில் இடுகின்றாள் மனைவி. ஒருநாள் வேட்டை மறுநாளின் உணவுக்கு எட்டாத குடியினது காட்சி அது.

இப்பாட்டுக்களின் உள்ளுறையை விளக்குவோர் ஊரனது வளத்தையும் அவன் பரத்தைமையையும் கூறி அமைவர். ஐங்குறுநூற்று 47, 49 ஆகிய பாட்டுக்களின் முடிபைச் சற்று நின்று காண்போம். இரண்டிலும் தோழி அல்லது தலைவி பழிப்பது பாணனது பொய்யை. மகள் மீன் விற்கின்றாள். அவளுடைய குடியைச் சேர்ந்தவன் வாயிலாக வந்து பொய் கூறுகின்றான். இவ்விரண்டையும் ஒரே பாட்டில் வைத்ததன் காரணம் யாது? மனையோள் மீன் வாங்கும் அதே முற்றத்தில்தான் பாணனும் வந்து நிற்கின்றான் என்பது ஒன்று. மற்றொன்றை உய்த்துணர்தல் வேண்டும். இரை காட்டி மீனை ஈர்ப்பவனே இன்சொல் காட்டி மனையோளை ஈர்க்கின்றான். சில மீன் தந்து பல நெல் பெறுதலும், சிறு பொய் தந்து பெரும் நம்பிக்கையைப் பெறுதலும் ஒரு தொழிலின் இரு முகங்களாகப் புலவர்க்குத் தோன்றின. பாணனை வாயிலோன் என்று மட்டும் பார்ப்பவர்க்கு இவ்வியைபு புலப்படாது. அவனைத் தூண்டிற்காரனாகவும் பார்த்தல் வேண்டும்.

இக்கருத்திற்கு அரணாகப் பெரும்பாணாற்றுப்படை வலைஞர் பகுதிக்கு அடுத்தே ஒரு காட்சியைத் தருகின்றது. பச்சிறைச்சி இரை வைத்த தோற்பையைத் தோளில் தாங்கிய பாணன், நெடிய மூங்கிற்கோலில் நாண் கட்டி இரும்புத் தூண்டிலிடுகின்றான். வாளை வந்து இரையைக் கௌவிக்கொண்டு தூண்டிலை வெறிதாக்கித் தப்புகின்றது. தப்பிய அதே மீன், கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் நடுங்குவதைக் கண்டு இன்னொரு தூண்டிற்கோல் என்று அஞ்சுகின்றது. ஒருமுறை ஏமாறித் தப்பியவரின் உள்ளத்தை இதனினும் நுட்பமாகப் புலப்படுத்தும் உவமை அகப்பாட்டிற்கே வாய்ப்பது. ஆற்றுப்படை ஆதலின் புலவர் அதனை எவர்மேலும் ஏற்றாது விட்டுச் சென்றார். மருதத் தலைவி ஒருத்தியின் வாயில் இது அமைந்திருப்பின் நாம் எத்துணை முறை மேற்கோள் காட்டியிருப்போம்! இலக்கியத்தில் உள்ளுறை இல்லாத இடத்து மீனை நாம் காண்பதில்லை என்று தொடக்கத்திற் கூறியது இதனால் மேலும் உறுதியாகின்றது.

வலைஞர் வலையும் பறியும் உடையர், பாணர் தூண்டிலர் என்று தொழிலைப் பிரித்து நிறுத்தவும் இடமில்லை. ஐங்குறுநூறு (48) பாண்மகனை வலையில் வல்லவன் என்றே கூறுகின்றது. பரதவர்க்கு இருந்ததுபோல் நன்னீர் வேட்டத்திற்கு என்று ஒரு குடி மட்டும் உரிமை பெற்றிருக்கவில்லை போலும். கண்மாய் இறங்கும் நாளில் ஊரார் அனைவரும் மீனவராகிவிடும் இன்றைய வழக்கை இதனோடு வைத்து எண்ணத் தோன்றுகின்றது. வலிந்து இணைக்க விரும்பவில்லை.

நெய்தல் மீனவர்க்குப் பிற்காலத்தும் இலக்கியத் துணை இருந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இறைவனையே வலைஞனாக்கிக் கடலில் வலை வீசச் செய்தது. வாலிநோக்கத்தை அடுத்த மாரியூர்ச் சிவன் கோயிலில் வலைவீசும் விழா இன்றும் கடற்கரையில் நடைபெறுகின்றது. கண்மாய் மீனுக்கு அத்தகைய புராணம் எழவில்லை. பாணர் குடி மங்கியபின் நன்னீர் வேட்டத்தைப் பாடுவோரும் அருகினர். பள்ளு நூல்களில் புதுவெள்ளமும் நண்டும் மீனும் வருகின்றன என்றாலும் அவை பள்ளரின் உழவிற்கு முன்னுரையாகவே வருகின்றன.

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தளைத்தோரே இவ்வுலகில் தம் பெயரைத் தளைத்தோர் என அறிவுறுத்திய பாட்டு அது. நீர்ப்பாசனம் பற்றிப் பேசுவோர் யாவரும் அதன் இறுதியை எடுத்துக் கூறுவர். அதன் தொடக்கத்தில் அகழியிலே வாளையும் ஆரலும் வராலும் கெடிறும் நிறைந்திருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. நான்கு மீனையும் நான்கு அடைமொழியோடு புலவர் வீணே எண்ணவில்லை. அரசன் தன் மதிலைச் சூழ்ந்த நீரில் மீன் வாழக் காண்கின்றான். அந்நீரை நாடெங்கும் நிறுத்துக என்பது பின்வரும் வேண்டுகோள். நீர் ஓரிடத்தே நெடிது நின்றமைக்கு மீனே சான்று. தலையில் வைத்த மீனும் கடையில் வைத்த குளமும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும் இப்பாட்டு, வைகை முதலாக வற்றும் ஆறுகளை உடைய பாண்டி நாட்டைக் கண்டவர்க்கு மேலும் தெளிவாகும்.

எஞ்சியிருப்பது இறாலைப் பற்றிய ஐயம். மடுவில் கயலோடு பிறழ்ந்த இறா நன்னீரதா, உவர்நீரதா என்று பாட்டுக் கூறவில்லை. நன்னீரிலும் இறால் உண்டு; கடலை அடுத்த குளங்களில் இருநீரும் கலக்கும் காலமும் உண்டு. வில்லென வளைந்தது இறால், அம்பென நேர் ஓடியது கயல் என்ற உவமை மட்டும் ஐயத்திற்கு இடமற்றது. நீரில் இறங்கிக் குனிந்து பார்த்தவர் கண்ணுக்கே அது கிட்டும். நாங்கள் கண்ட கண்மாயில் அன்று இரு சிறுவர் வேட்டியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓரநீரை அரித்துக் கொண்டிருந்தனர். ஊர்க் கட்டுப்பாடு சிறுவரைத் தடுப்பதில்லை என்று ஆலமரத்தடியில் இருந்தோர் கூறினர். அவ்வூர் மாணாக்கன் ஒருவன் ஆனி இறுதியில் எழுதிய மடலில், மீண்டும் மழை பெய்ததால் அவ்வாண்டு துண்டு வீசப்படவில்லை என்றும், கரைக் காவலுக்கு ஆள் மாற்றி இட்டுள்ளனர் என்றும் தெரிவித்திருந்தான்.